சின்னத் தொழிலுக்கு அரசாங்க உதவி எடுக்கேக்க கேக்கிற "டி மினிமிஸ்" கணக்கு

ஐரோப்பிய யூனியன் நாடுகளில கடை, ரெஸ்டோரண்ட், கிளீனிங் கொம்பனி, லொறி ஓட்டம் எண்டு சின்னதா தொழில் நடத்துற எங்கட ஆக்கள் அரசாங்க உதவிக்கு விண்ணப்பிச்சா, பேப்பர்களுக்குள்ள "கடந்த மூண்டு வருசத்தில எவ்வளவு டி மினிமிஸ் உதவி எடுத்தனீங்கள்" எண்டு ஒரு ஃபோர்ம் வரும் (டி மினிமிஸ் எண்டா அரசாங்கம் குடுக்கிற சின்னத் தொகை உதவி). கனபேர் யோசிக்காம "இல்லை" எண்டு போட்டு சைன் வைச்சு அனுப்பிவிடுவினம். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ, அந்த ஒரு கேள்விக்குப் பின்னால பெரிய சட்டமே இருக்கு.

யூனியன் ஒப்பந்தத்தின்ர 107ம், 108ம் பிரிவுகள் சொல்லுறது இதுதான்: ஒரு அரசாங்கம் தனக்கு வேண்டிய கொம்பனிக்கு மட்டும் காசு குடுத்தோ வரியைக் குறைச்சோ தூக்கிவிட்டா, பக்கத்து நாட்டில அதே தொழில் செய்யிறவர் அடிபட்டுப் போவார், அதால பொதுவா அது கூடாது, குடுக்கிறதெண்டா முதலே பிரசல்ஸில இருக்கிற ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு அறிவிச்சு அனுமதி எடுக்கோணும். ஆப்பிள் கொம்பனி அயர்லாந்துக்கு 13 பில்லியன் யூரோ வரி கட்டோணும் எண்டு 2024 செப்டம்பரில ஐரோப்பிய நீதிமன்றம் முடிவாச் சொன்னதும் இதே சட்டத்திலதான். (எல்லாருக்கும் பொதுவா இருக்கிற வரிச் சலுகை இதுக்குள்ள வராது, ஆளைப் பாத்துக் குடுக்கிறதுதான் பிரச்சினை.)

ஆனா ஒரு சலூனுக்கு 5,000 யூரோ குடுக்கிறதுக்கெல்லாம் பிரசல்ஸுக்கு கடிதம் எழுதிக்கொண்டிருக்கேலாதுதானே. அதுக்காக ரெண்டு வழி விட்டிருக்கினம்.

முதலாவது டி மினிமிஸ். சின்னத் தொகை, போட்டியைக் குழப்பாது, அதால அறிவிக்கத் தேவையில்லை எண்டு விடுறது. 2024 ஜனவரி 1ல இருந்து இருக்கிற விதிப்படி ஒரு நிறுவனம் ஒரு நாட்டில மூண்டு வருசத்துக்குள்ள 3,00,000 யூரோ வரைக்கும் எடுக்கலாம், முந்தி 2,00,000ஆ இருந்தது, இப்ப இருக்கிற விதி 2030 கடைசி வரைக்கும் ஓடும். லொறியில சாமான் ஏத்தி இறக்கிறவைக்கு முந்தி 1,00,000தான், இப்ப அவைக்கும் அதே 3,00,000. தோட்டம் செய்யிறவைக்கு வேற விதி, அங்க 50,000. ஏற்றுமதிக்கெண்டு நேரா குடுக்கிற உதவி இதுக்குள்ள வராது.

கணக்குப் பாக்கிற விதத்திலதான் ஆக்கள் பிழை விடுறது. மூண்டு வருசம் எண்டது ஜனவரியில தொடங்கிற வருசம் இல்லை, புது உதவி கிடைக்கிற நாளில இருந்து பின்னுக்கு எண்ணிற முழு மூண்டு வருசம். காசு பாங்குக்கு வந்த திகதியும் இல்லை, உங்களுக்குத் தாறம் எண்டு முடிவுக் கடிதம் வந்து உரிமை கிடைச்ச திகதிதான் கணக்கு. குறைஞ்ச வட்டி லோன் எடுத்தா லோன் தொகை முழுக்க உதவி ஆகாது, வெளிச் சந்தை வட்டிக்கும் நீங்கள் கட்டுற வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் உதவி, ஜேர்மனியில கே.எஃப்.டபிள்யூ எண்ட அரசாங்க வங்கியின்ர லோன் எடுத்த ஆக்கள் இதை விளங்கிக்கொண்டா தேவையில்லாம பயப்படமாட்டினம். ஒரு கொம்பனி இன்னொரு கொம்பனியின்ர பெரும்பான்மை வாக்குரிமையை வைச்சிருந்தா ரெண்டும் சேத்து ஒரு நிறுவனம், ரெண்டு கொம்பனிப் பேர் போட்டு ரெண்டு தரம் 3,00,000 எடுக்கேலாது.

இன்னொரு விசயம், ஏற்கெனவே 2,90,000 எடுத்திட்டீங்கள், இப்ப 15,000க்கு கேக்கிறீங்கள் எண்டு வைப்பம். மேலதிகமா வாற 5,000ஐ மட்டும் வெட்டுவினம் எண்டு நினைக்காதேங்கோ, அந்த 15,000 முழுக்கவே இந்த விதிக்குள்ள நிக்காது. ஆனா முடிவெடுக்க முதலே உள்ளதைச் சொன்னா 3,00,000க்குள்ள நிக்கிற மாதிரி தொகையைக் குறைச்சுத் தரலாம், பிறகு பிடிபட்டா வட்டியோட திருப்பிக் கட்டோணும். ஜேர்மனியில பொய்த் தகவல் குடுத்தா குற்றவியல் சட்டம் 264ம் பிரிவில மானிய மோசடி வழக்கு வரைக்கும் போகலாம்.

ரெண்டாவது வழி பொது விலக்கு விதி, அதாவது பிரசல்ஸுக்கு முதலே அறிவிச்சு அனுமதி எடுக்கிறதில இருந்து விலக்கு, 651/2014 எண்டு நம்பர். பெரிய முதலீட்டுக்கு இது. மெசின் வாங்கிறது மாதிரி முதலீட்டுக்கு சிறிய நிறுவனம் எண்டா செலவில 20 வீதம், நடுத்தரம் எண்டா 10 வீதம் வரை குடுக்கலாம், பின்தங்கின பிரதேசங்களில இதைவிடக் கூடுதலாக் குடுக்கலாம். அப்ப 80,000 யூரோவுக்கு பேக்கரி அடுப்பு போடுற சின்னக் கடைக்கு ஆகக் கூடினது 16,000. வெளி ஆலோசனைக்கும் கண்காட்சியில ஸ்டால் போடுறதுக்கும் 50 வீதம் வரை, ஆனா மாசாமாசம் வரிக் கணக்குப் பாக்கிறவருக்குக் கட்டுற காசு அந்த ஆலோசனைக்குள்ள வராது. இதெல்லாம் உச்ச அளவு, நாடு விரும்பினா குறைச்சுத்தான் குடுக்கும்.

இதில கட்டாயம் ஞாபகம் வைக்கோணும்: வேலை தொடங்க முதல் எழுத்தில விண்ணப்பம் போயிருக்கோணும். மெசினுக்கு ஓடர் குடுத்து சைன் வைச்சிட்டா அதுவே வேலை தொடங்கின கணக்கு, பிறகு எவ்வளவு நல்ல திட்டமா இருந்தாலும் அந்த முதலீட்டுக்கு இந்த வழியால சதம் கிடைக்காது. காணி வாங்கிறது, பெர்மிட் எடுக்கிறது, முன்கூட்டி ஆராயிறது மட்டும் பரவாயில்லை. நிறுவனத்தின்ர பேர், அளவு, திட்டம், இடம், தொடங்கி முடியிற திகதி, செலவு விபரம், எவ்வளவு உதவி வேணும், இவ்வளவும் அந்த விண்ணப்பத்தில இருந்தாக் காணும். எங்கட ஆக்கள் முதல் சாமானை வாங்கிப் போட்டு பிறகு பில்லோட போய்க் கேக்கிற பழக்கம், இங்க அது சரிவராது.

சிறிய நிறுவனம் எண்டா 50 பேருக்குக் குறைய, விற்பனையோ சொத்துக் கணக்கோ 1 கோடி யூரோவுக்குள்ள. நடுத்தரம் எண்டா 250 பேருக்குக் குறைய, விற்பனை 5 கோடிக்குள்ள அல்லது சொத்துக் கணக்கு 4.3 கோடிக்குள்ள. ஒரு பெரிய கொம்பனி உங்கட கொம்பனியில 25 வீதமோ கூடவோ வைச்சிருந்தா அவையின்ர ஆக்கள் கணக்கும் உங்களோட சேரும்.

நோர்வே யூனியனில இல்லாட்டியும் ஐரோப்பியப் பொருளாதார வலயம் எண்டதால கிட்டத்தட்ட இதே விதிதான். லண்டன் பக்கம் வேற சட்டம், அங்க மூண்டு நிதியாண்டுக்கு 3,15,000 பவுண்.

2026 ஜனவரி 1ல இருந்து ஒவ்வொரு நாடும் டி மினிமிஸ் உதவியை மத்திய பதிவேட்டில பதியோணும், அதால மறந்துபோனன் எண்டு சொன்னா இனி எடுபடாது. அந்தப் பதிவேட்டில முழு மூண்டு வருசமும் சேரும் வரைக்கும் நீங்கள் சைன் வைச்சுக் குடுக்கிற கணக்கைத்தான் பாப்பினம், அதனால பழைய முடிவுக் கடிதங்கள் எல்லாத்தையும் ஒரு ஃபைலில போட்டு திகதி வாரியா எழுதி வையுங்கோ, எந்த உதவி எந்த விதியில வந்தது எண்டதும் அந்தந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும்.