புது ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினை எப்படிப் பழக்குவது? சிலிண்டருக்குள் நடக்கும் கதை

கார்வெட் சி8 காரின் கையேட்டில் முதல் 800 கிலோமீட்டருக்கு ஒரு தடைப் பட்டியலே இருக்கிறது. 4000 ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தாண்டக் கூடாது, ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தி மிதிக்கக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது. பந்தயத் தடத்தில் இறக்குவதென்றால் 2400 கிலோமீட்டர் ஆகியிருக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் எம் ரகக் கார்களுக்கு 2000 கிலோமீட்டர் வரை 5500 ஆர்பிஎம், மணிக்கு 170 கிலோமீட்டர் என்று வரம்பு. போர்ஷே தன் பல மாடல்களுக்கு 3000 கிலோமீட்டர் வரை பொறுக்கச் சொல்கிறது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. "முதல் நாளே விரட்டணும், இல்லேன்னா ரிங் செட் ஆகாது, ஆயுசு முழுக்க ஆயில் குடிக்கும்" என்று அடித்துச் சொல்லும் மெக்கானிக்குகளையும் பந்தய ஓட்டுநர்களையும் எங்கும் பார்க்கலாம். இரண்டு தரப்பிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், இரண்டு தரப்பிலும் நன்றாக ஓடும் இன்ஜின்களும் இருக்கின்றன. இவர்கள் ஒரே இன்ஜினின் வெவ்வேறு உறுப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் சண்டை தீரவில்லை என்பது என் கட்சி.

முதலில் ரிங். பிஸ்டனைச் சுற்றி வழக்கமாக மூன்று வளையங்கள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் எரியும் வாயு கீழே கசியாமல் பார்த்துக்கொள்கின்றன. மூன்றாவது, சிலிண்டர் சுவரில் மிஞ்சிய ஆயிலை வழித்துக் கீழே தள்ளுகிறது. மேல் ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்புதான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விறைப்பு தரும் அழுத்தம் ஓரிரு பார் அளவுதான் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). உண்மையில் அழுத்துவது வாயு. கலவை எரிந்ததும் வாயு ரிங்கின் மேல்பக்கமாக வந்து, அது உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் நுழைந்து, முதுகுப் பக்கமாகப் போய் அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் பல பத்து பார்களைத் தொடும். அப்போது ரிங் சுவரைக் கவ்விப் பிடிக்கும். இன்ஜின் சும்மா ஓடும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

இனி அந்தச் சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். புது சிலிண்டரின் உள்பக்கம் வழவழவென்று இருக்காது. சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங் வேலையின்போது தேய்ப்புக் கற்கள் சுழன்றபடி மேலும் கீழும் போய்வருவதால், குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த நுண்கீறல்கள் விழுந்திருக்கும். வெறும் கண்ணுக்கே வைர வடிவ வலைப்பின்னல் மாதிரி தெரியும். இந்தக் கீறல்களின் ஆழம் சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். கீறலின் பள்ளத்தில் ஆயில் தேங்கி நிற்கும். ரிங் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அந்த ஆயிலில்தான் வழுக்கிச் செல்கிறது. பள்ளம் இருந்தால் பக்கத்தில் முகடும் இருக்கும் இல்லையா? அந்த முகடுகள்தான் விஷயமே. ரிங்கின் விளிம்பு அவற்றைச் சீவித் தட்டையாக்க வேண்டும், அதே சமயம் ரிங்கும் அந்தச் சிலிண்டரின் வடிவத்துக்கு ஏற்பத் தேய வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால் வாயு கசியாது, ஆயிலும் மேலே ஏறாது.

முகடுகள் தேய்வதற்கு முன் இன்ஜினை ரொம்பவும் மென்மையாக ஓட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ரிங் போதுமான அழுத்தத்தில் சுவரைத் தேய்க்காது. வழிக்கப்படாத ஆயில் சுவரில் தங்கி, சூட்டில் கருகி, அரக்குப் பூச்சு போல இறுகும். கீறல்களின் பள்ளம் அடைபட்டுப் போகும். அதற்குமேல் ரிங் அந்தப் பூச்சின் மீது வழுக்குமே தவிர உலோகத்தைத் தொடாது, தேயாது. ஆயில் எரிந்துகொண்டே இருக்கும். இந்த நிலை முற்றிவிட்டால் இன்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்வதுதான் வழி.

விமான பிஸ்டன் இன்ஜின் உலகத்தில் இதை யாரும் வாதமாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. புதிதாகச் சிலிண்டர் மாற்றிய இன்ஜினை முதலில் 75 சதவீத சக்தியிலும், பிறகு 65க்கும் 75க்கும் இடையே மாற்றி மாற்றியும் பறக்கவிடச் சொல்கிறது லைகமிங் நிறுவனம். முதல் 50 மணி நேரமோ, ஆயில் குறைவது ஒரே சீராகும் வரையோ, சிறப்புக் கூட்டுப்பொருள் சேர்க்காத மினரல் ஆயில். தரையில் நிறுத்திவைத்து நெடுநேரம் ஓடவிடவே கூடாது. ஆகவே "விரட்டு" கட்சிக்காரர்கள் வெறும் வீராப்பில் பேசவில்லை.

ஆனால் அவர்களில் பலர் சுமையையும் ஆர்பிஎம்மையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல், கார் ஒரு மேட்டில் ஏறுகிறது: சிலிண்டருக்குள் அழுத்தம் எக்கச்சக்கம், பிஸ்டன் வேகம் குறைவு. ரிங் கேட்பது இதைத்தான். கால் மிதியைத் தொட்டும் தொடாமலும் இருக்க, தாழ்ந்த கியரில் 7000 ஆர்பிஎம்மில் கத்த விடுவது நேர் எதிர். அழுத்தம் குறைவு, வேகம் மட்டும் பயங்கரம்.

அந்த வேகம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 80 மில்லிமீட்டர் என்றால், 8000 ஆர்பிஎம்மில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 21 மீட்டர் சொச்சம். 4000 ஆர்பிஎம்மில் அதில் பாதி. விசை அப்படிப் பாதியாகக் குறையாது. மேலே போய் நின்று திரும்பும் பிஸ்டனைப் பிடித்து இழுக்கும் விசை, சுழல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதாவது ஆர்பிஎம் பாதியானால் இந்த விசை நாலில் ஒரு பங்காகிவிடும். இந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது பிஸ்டனைக் கீழே சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் பேரிங்குகளும். கையேட்டின் 4000 என்ற எண் ரிங்குக்காக எழுதப்பட்டதில்லை, இவற்றுக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டால் இரு தரப்பும் சமாதானமாகிவிடலாம்.

பேரிங் விஷயம் இன்னும் நுட்பமானது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் தன் பேரிங்கைத் தொடுவதில்லை, சுழலும்போது தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு. சுழற்சி வேகமும் ஆயிலின் பிசுபிசுப்பும் இருந்தால் படலம் தடிமனாகும், சுமை ஏறினால் மெலியும். 1902-ல் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதை அளந்து காட்டினார். அவர் பெயரிலான வளைகோடு இன்றும் உராய்வையும் மசகையும் பற்றிய இயலில் பாலபாடம். படலம் மெலியும் நேரத்தில், புதுப் பரப்பில் மீதமிருக்கும் முகடுகள் ஒன்றையொன்று உரசும். எனவே அதிவேகம் எவ்வளவு தப்போ, ஆறாவது கியரில் 1300 ஆர்பிஎம்மில் காரைத் திணறடித்து இழுப்பதும் அவ்வளவு தப்பு. பலர் பழக்குவதாக நினைத்துக்கொண்டு செய்வது இந்த இரண்டாவது தப்பைத்தான். சி8 கார்வெட்டில் முதல் 800 கிலோமீட்டருக்குத் தாழ்ந்த கியர்களில் இன்ஜினின் டார்க்கை (சுழற்றும் விசையை) மென்பொருளே குறைத்துவைக்கிறது. ஓட்டுகிறவர் கையேட்டைப் படிப்பார் என்று நம்பத் தயாரிப்பாளர் தயாராக இல்லை போலும்.

இதே வளைகோடு சிலிண்டருக்கும் பொருந்தும். பாதி வழியில் பிஸ்டன் வேகமாகப் போகும்போது ரிங் ஆயிலில் மிதக்கிறது. உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே வேகம் பூஜ்யம். படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. எரிதலின் அழுத்தமும் சூடும் அதிகமாக இருப்பதும் அதே இடத்தில்தான். பழைய சிலிண்டரை அளந்தால் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே தேய்மானம் அதிகமாக இருப்பதன் காரணம் இது.

தேய்வது மட்டுமே பழகுவது என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்று வளரவும் செய்கிறது. இன்ஜின் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த இசட்டிடிபி என்ற கூட்டுப்பொருள் சேர்த்திருப்பார்கள். உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் இது சிதைந்து, இரும்புப் பரப்பின் மேல் கண்ணாடித் தன்மையுள்ள பாஸ்பேட் படலமாகப் படியும். தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. அடுத்த உரசலில் தேய்வது இந்தப் படலம்தான், அடியில் இருக்கும் உலோகம் தப்பித்துக்கொள்ளும். தேய்ந்த இடத்தில் மறுபடி படியும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனைகளில் இது ரொம்ப முக்கியம்.

அப்படியானால் பழைய கார்களை மாதக்கணக்கில் தடவிக்கொடுத்து ஓட்டியது போல இப்போதும் ஓட்ட வேண்டுமா? தேவையில்லை. பெரும் பகுதி வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. கரடுமுரடான கல்லால் கீறல் போட்ட பிறகு, மென்மையான கல்லால் முகடுகளை மட்டும் சீவி விடுகிறார்கள். பிளாட்டோ ஹோனிங் என்று பெயர். நம் தாத்தா காலத்து ரிங் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிச் செய்த வேலையை ஒரு இயந்திரம் கொஞ்ச நேரத்தில் செய்துவிடுகிறது. சில ஸ்போர்ட்ஸ் கார்களில் சுவர் இரும்புகூடக் கிடையாது. மாலே நிறுவனம் 1960-களில் உருவாக்கிய நிக்காசில், சிலிக்கான் கார்பைடு துகள்கள் புதைந்த நிக்கல் பூச்சு. அது அவ்வளவு எளிதில் தேயாது, ரிங்தான் தேய்ந்து பொருந்த வேண்டும். நிசான் ஜிடி-ஆர் இன்ஜினில் உருக்கிய உலோகத்தைப் பிளாஸ்மா முறையில் சுவரில் பீய்ச்சிப் படிய வைத்தார்கள். இப்படிப்பட்ட இன்ஜின்களில் ரிங் பொருந்த மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம்தான், அதுவும் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும்.

பிறகு ஏன் 2000, 3000 கிலோமீட்டர்? கார் என்பது இன்ஜின் மட்டும் இல்லையே. இன்ஜின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் உள்ள பற்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. புதிதாக இருக்கும்போது அங்கே சூடு அதிகம். பிரேக் பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். புது டயரின் மேல்தோல் கொஞ்சம் உரியும் வரை பிடிப்பு குறைவு. 500 குதிரைத்திறன் காரில் ஓட்டுநரும் புதுசுதான், அதையும் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, எப்படித்தான் ஓட்டுவது? முதலில் ஆயில் சூடாகட்டும். குளிர்விப்பு நீரின் முள் நடுவுக்கு வந்ததும் பலர் மிதிக்க ஆரம்பிக்கிறார்கள். ஆயில் அதைவிட ரொம்ப மெதுவாகத்தான் சூடேறும், பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அதற்கென்று தனி மீட்டரே இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சப்படுவதால் சுவரில் இருக்கும் ஆயிலையும் அது கழுவிவிடும். சூடான பிறகு, வளைவும் மேடும் உள்ள சாலை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நடு கியரில் 2500-லிருந்து கையேடு சொல்லும் எல்லை வரை நன்றாக மிதித்து ஏற்றுவது, பிறகு காலை எடுத்துவிட்டு வேகம் தானாகக் குறைய விடுவது, அப்புறம் மறுபடி. காலை எடுக்கும்போது சிலிண்டரில் வெற்றிடம் கூடி, கொஞ்சம் ஆயில் மேலே இழுக்கப்பட்டு ரிங் பகுதியை நனைக்கும். நெடுஞ்சாலையில் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி எண்ணிக்கையை முடிப்பவர்கள், காரை வாங்கியதே மீட்டரைப் பார்க்கத்தானோ என்று தோன்றும்.

முதல் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஆய்வகத்தில் சோதித்தால் இரும்பு, செம்பு எல்லாம் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். சிலிக்கானும் இருக்கும், பார்த்தால் தூசி புகுந்துவிட்டதோ என்று பயம் வரும். பெரும்பாலும் அது இன்ஜினை மூடும்போது தடவிய சீலன்ட்டிலிருந்து வருவது. பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு 2000 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். ஹோண்டாவோ முதல் ஆயிலை முன்கூட்டியே மாற்றாதீர்கள் என்கிறது. இணைக்கும்போது தடவும் பசையிலிருந்து வரும் மாலிப்டினம் அதில் இருக்கிறது, அது கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் ரிங் செட் ஆகாது என்ற பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கார்வெட் 1992-லிருந்து தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் ஆயிலோடுதான் வருகிறது.

பழகி முடிந்துவிட்டதா என்பதைக் கிலோமீட்டர் மீட்டரைவிட ஆயில் அளவு நன்றாகச் சொல்லும். ஆரம்பத்தில் கொஞ்சம் குறைவது இயல்பு, அதனால்தான் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயிலையும் பார்க்கச் சொல்கிறார்கள். குறையும் அளவு படிப்படியாகச் சுருங்கி ஒரே சீராக நின்றுவிட்டால் ரிங் செட் ஆகிவிட்டது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஆகியும் அப்படியே குறைந்துகொண்டிருந்தால் உத்தரவாதம் இருக்கும்போதே பட்டறைக்குக் கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கே இல்லாத கார்கள் இப்போது அதிகம். அவற்றில் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி, திரையில் வரும் அளவைக் குறித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் அதே சூட்டில், அதே இடத்தில்.