நீலமாக ஒளிர்ந்தால் ரத்தம்தானா?

தடயவியல் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னாலே பலரும் கேட்பது அந்த நீல ஒளியைப் பற்றித்தான். சினிமாவில் இருட்டறை, ஒரு ஸ்பிரே, தரை முழுக்க நீலம், உடனே கொலையாளி மாட்டிக்கொள்வான். எங்களுக்கோ அங்கேதான் வேலையே தொடங்குகிறது.

அந்த ஸ்பிரேயில் இருக்கும் லூமினால் என்ற ரசாயனம் நேரடியாக ரத்தத்தைக் கண்டுபிடிப்பதில்லை. லூமினாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிவதை ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு வேகப்படுத்துகிறது, அந்த வினையில் ஒளி வருகிறது, அவ்வளவுதான். செம்பு பட்டாலும் ஒளிரும், பிளீச் பட்டாலும் ஒளிரும், சில காய்கறிகளில் உள்ள பெராக்ஸிடேஸ் நொதிக்கும் ஒளிரும். பிளீச் போட்டுக் கழுவிய தரை பளிச்சென்று மின்னி அணையும், ரத்தத்தின் ஒளி கொஞ்சம் நிதானமாக நிற்கும் என்று அனுபவசாலிகள் பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால் அதை வைத்து அறிக்கையில் முடிவு எழுத முடியாது. காஸ்டில்–மேயர் சோதனையிலும் (கறையைத் துடைத்த பஞ்சு, ரத்தம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறுமே, அதுதான்) இதே கதை. முதலில் வினைபொருள், அப்புறம்தான் பெராக்சைடு. பெராக்சைடு விடுவதற்கு முன்பே நிறம் வந்துவிட்டால் அதை ரத்தம் என்று எடுக்கக் கூடாது, வேறு ஏதோ ஆக்சிஜனேற்றி அங்கே இருக்கிறது. பஞ்சை மேசையில் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் ரத்தமே படாத பஞ்சுகூட இளஞ்சிவப்பாகியிருக்கும், அதனால் முதல் சில வினாடிகளில் தெரிவதை மட்டும்தான் கணக்கில் எடுப்போம்.

ரத்தமாக இருக்கலாம், இன்னும் சோதித்துப் பார் என்பதற்கு மேல் இந்தச் சோதனைகள் எதுவும் சொல்வதில்லை. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லேன் வழக்கைப் பாருங்கள். 1980-ல் உலுரு அருகே கூடாரத்திலிருந்து அவருடைய 9 வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனது, டிங்கோ (ஆஸ்திரேலியக் காட்டு நாய்) தூக்கிப்போய்விட்டது என்றார் அவர். குடும்பக் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தெறித்திருந்தது பச்சிளம் குழந்தையின் ரத்தம் என்று அரசுத் தரப்பு நிபுணர் சொன்னார். 1982-ல் ஆயுள் தண்டனை. கடைசியில் பார்த்தால் அந்தத் தெறிப்பு, இரைச்சலைக் குறைக்கக் கார்களில் அடிக்கும் பூச்சு! 1988-ல் தீர்ப்பு ரத்தானது, டிங்கோதான் காரணம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவாக 2012 வரை ஆனது.

சரி, ரத்தம்தான் என்று உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மனித ரத்தமா? 1901-ல் ஜெர்மனியில் பால் ஊலென்ஹூத் இதற்கு வழி கண்டுபிடித்தார். அதே ஆண்டு ரூகன் தீவில் 2 சிறுவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், மரச்சாயம் என்று சந்தேக நபர் சொன்ன கறைகளில் மனித ரத்தமும் ஆட்டு ரத்தமும் இருப்பதை அவர் பிரித்துக் காட்டினார். இன்று கர்ப்பப் பரிசோதனைக் கிட் மாதிரி ஒரு பட்டையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதிலும் ஒரு வேடிக்கை: ரத்தம் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தால் கோடே விழாது, நீர்த்துப் போட்டால் விழும்.

யாருடையது என்பதை டிஎன்ஏ சொல்லும். (சிவப்பணுவில் உட்கரு இல்லை, வெள்ளையணுவிலிருந்துதான் எடுக்கிறோம்.) எப்போது, எப்படி விழுந்தது என்பதை அது சொல்லாது. கறை சிவப்பிலிருந்து பழுப்பாவதை வைத்து நாள் கணிக்கச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள், வெயில், ஈரம், துணி எல்லாமே அந்த வேகத்தை மாற்றும் என்பதால் நான் எழுதித் தருவதில்லை. துளியின் அகலத்தை நீளத்தால் வகுத்து விழுந்த கோணம் கணக்கிடலாம், அதுவரை சரி. அதிலிருந்து யார் எங்கே நின்று எப்படி அடித்தார் என்று கதை கட்டுவது வேறு. ரத்தத்தெறிப்பு ஆய்வின் நிச்சயமின்மை மிகப் பெரியது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழக அறிக்கை 2009-லேயே சொல்லிவிட்டது.

மாதிரி அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈரத் துணியைத் தயவுசெய்து பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பாக்டீரியாவும் பூஞ்சையும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். நிழலில் காயவைத்துக் காகித உறையில் போடுங்கள். அப்புறம், கறைக்குப் பக்கத்தில் சுத்தமாக இருக்கும் இடத்திலிருந்தும் ஒரு பஞ்சு எடுத்து அனுப்புங்கள், அந்தத் தரையே வினைபுரிகிறதா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.