மரவள்ளி மாவுப்பூச்சி: பராகுவேயிலிருந்து வந்த குளவியைக் கொன்றுவிடாதீர்கள்

மரவள்ளியின் குருத்து கொத்தாகச் சுருண்டு, கணுவிடை குறுகி, தண்டு முறுக்கிக்கொண்டால் மாவுப்பூச்சி ஏறிவிட்டது என்று பொருள். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் அது எந்த மாவுப்பூச்சி என்று பாருங்கள். குருத்தை விரித்து, பூச்சியின் மேலுள்ள வெள்ளை மாவை விரலால் மெல்லத் துடைத்தால் போதும். உடல் மஞ்சளாக இருந்து, நசுக்கினால் மஞ்சள் நீர் வந்தால் அது 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி. உடல் இளஞ்சிவப்பாக இருந்தால் 2020-இல் திருச்சூரில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் மரவள்ளி வயல்களுக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி. இரண்டுக்கும், பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் எதிரிக் குளவிகள் தனித்தனியே உண்டு. முன்னதன் குளவியை 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். பின்னதன் எதிரி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் குளவி மற்றொன்றின் உடலில் வளராது.

இனம் தெரியாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவே சாட்சி. இந்த இளஞ்சிவப்புப் பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து கரணை (நடவுக்கான குச்சித்துண்டு) வழியாகப் போய், 1970-களின் தொடக்கத்தில் காங்கோவில் தலைகாட்டியது. இதில் ஆண் கிடையாது. ஒரே ஒரு பெண் பூச்சி இருந்தாலே வயல் முழுக்கப் பெருகிவிடும். எதிரியைத் தேடியவர்களுக்குத் தென் அமெரிக்காவின் வடபகுதியில் முதலில் அகப்பட்டது இதைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு இனம். அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பிழைக்கவில்லை. 1981-இல் பராகுவேயில் பூச்சியியலாளர் அந்தோனி பெல்லோட்டி சரியான இனத்தைக் கண்டார். அதன் மேல் வாழும் அனகைரஸ் லோபெசி என்ற குளவி லண்டனில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டு நைஜீரியாவின் இபாதானுக்குப் போனது. அங்கே பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் பெருக்கி, பல ஆப்பிரிக்க நாடுகளில் விமானத்திலிருந்துகூட விட்டார்கள். 2009-இல் தாய்லாந்தும் 2021-இல் பெங்களூரு வேளாண் பூச்சி வள நிறுவனமும் அந்தக் குளவியைப் பெனினிலிருந்து பெற்றன. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது.

எந்த நாடும் இதற்கு விலை கேட்கவில்லை. இன்று உயிர்வளப் பகிர்வுக்கான நகோயா நெறிமுறைப்படி பல நாடுகளில் முன் ஒப்புதலும் ஒப்பந்தமும் வேண்டும். ஒரு நாட்டின் உயிர்வளத்தை அனுமதியின்றி எடுத்துச் செல்லும் உயிர்க்கொள்ளையைத் தடுக்க அது தேவைதான். ஆனால் உணவுப் பயிரைக் காக்கும் ஒட்டுண்ணிக்குத் தனியாக ஒரு விரைவு வழி வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கோப்பு நகர்வதற்குள் பூச்சி அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறது.

வயலில் விட்ட பிறகு பொறுமைதான் சோதனை. குளவியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். முட்டையிலிருந்து அடுத்த குளவி வெளிவர இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். அந்த முதல் தலைமுறை முடிவதற்குள் பூச்சி கூடுவதுபோலத் தெரியும். பயந்து மருந்தடிப்பது அப்போதுதான். பூச்சி மெழுகு மாவுக்குள்ளும் சுருண்ட இலைக்குள்ளும் ஒளிந்து தப்பிவிடும். இலைமேல் நடந்து திரியும் குளவிதான் முதலில் சாகும். இரண்டு மூன்று மாதம் போகாமல் பலன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

சத்தில்லாத மணல் நிலத்தில் மட்டும் இந்தக் குளவி தடுமாறும். காரணம் தெரிந்தால் தீர்வும் தெரியும். தாய்க்குளவி பெரிய மாவுப்பூச்சியில் பெண் முட்டையையும், சிறியதில் ஆண் முட்டையையும் இடுகிறது. வாடிய செடியில் பூச்சியும் சிறுத்தே இருக்கும். பிறப்பதில் பெரும்பாலும் ஆண், அதனால் குளவிக் கூட்டம் பெருகாது. ஆப்பிரிக்காவில் இதைக் கண்ட வயல்கள் மூடாக்கு இல்லாத நிலங்கள். ஆகவே மணற்பாங்கான நிலத்தில் தொழுவுரமும் இலைதழை மூடாக்கும் இட்டபிறகே குளவியை நம்புங்கள். எறும்புப் புற்றையும் கவனியுங்கள். தேன்போன்ற கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று, குளவியை விரட்டும்.

கரணை வாங்கும்போது கவனம் முழுக்க அதன் மொட்டில் இருக்கட்டும். பூச்சி பதுங்குவது அங்கேதான். பாதித்த வயலின் குச்சியை வேற்று மாவட்டத்துக்கு ஏற்றாதீர்கள். தாய்லாந்தில் 20 லிட்டர் தண்ணீருக்கு 25% தயாமீதாக்சம் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை 4 கிராம் கலந்து, கரணையை 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து நட்டார்கள். மேலே தெளிப்பதைவிட இது குளவிக்குக் குறைந்த தீங்கு. நம் ஊரில் செய்யுமுன் மருந்துக்கு மரவள்ளியில் அனுமதி உண்டா என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள், கையுறை கட்டாயம்.

பூச்சி தாக்கிய குருத்தைக் கிள்ளி எரிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. குளவி விடாத வயலில் அது சரி. விட்ட வயலில், எரிக்குமுன் பூச்சிகளை உற்றுப் பாருங்கள். பழுப்பாக உப்பி, இறுகிப்போன கூடுகள் தெரிந்தால் கிள்ளாமல் செடியிலேயே விடுங்கள். கூட்டில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளை இல்லாவிட்டால் அது இன்னும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது.