கெய்சருக்குள் வளரும் கல்

போன மார்கழியில் எங்கள் வீட்டு கெய்சர் சத்தம் போட ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடம் ஆனதும், உள்ளே யாரோ சரளைக் கல்லைக் குலுக்குவதுபோல் கடகடவென்று ஓர் ஓசை. தண்ணீர் நன்றாகத்தான் சுட்டது, அதனால் விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க கரண்ட் போனது.

நாங்கள் இருப்பது பெங்களூரு விவேக் நகரில். தெருமுனையிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் தர்மபுரிக்காரர். மெயினை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, கெய்சரின் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, தண்ணீரைச் சுடவைக்கும் காயிலை இழுத்தார். பாதியிலேயே சிக்கிக்கொண்டது. "போர் தண்ணிதானே சார்? கல்லு புடிச்சிருக்கு, அதான் வர மாட்டேங்குது" என்றார். ஆட்டி ஆட்டி ஒருவழியாக வெளியே எடுத்தபோது, பென்சில் தடிமனில் இருக்க வேண்டிய செம்புக் குழாய் சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய்போல் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டு தட்டினார். முட்டை ஓடு உரிவதுபோல் வளைந்த சில்லுகளாக உதிர்ந்தது. ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மரத்தின் வயது வளையம்போல மெல்லிய வரிகள், வெள்ளையும் பழுப்புமாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. தொட்டியின் அடியில் இன்னும் இரண்டு கைப்பிடிக் கல்.

இந்தக் கல்லுக்குக் காரணம் நம் காலடியில் இருக்கும் பாறைதான். பெங்களூரின் அடித்தளம் நைஸ் என்ற பழம்பாறை. லால்பாகில் நாம் ஏறி நின்று ஊரைப் பார்க்கும் குன்றும் அதுவே, வயது சுமார் 300 கோடி ஆண்டு. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறைக் கனிமங்களிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மெல்ல அரித்தெடுக்கிறது. போர்வெல்லில் நாம் மேலே இழுப்பது இந்தத் தண்ணீரை. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். இதைத்தான் நம் வீடுகளில் உப்புத் தண்ணி என்கிறோம், அறிவியலில் கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

சோதனைச்சாலைக்குப் போகாமலே நம் அம்மாக்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போர் தண்ணியில் துவரம் பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் விதைவிதையாக நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இன்னும் இறுக்கிக் கட்டிவிடுவதால்தான் அது குழைவதில்லை. காவேரித் தண்ணி அவ்வளவு கடினமில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றி அதை நமக்கு அனுப்புகிறார்கள். ஆனால் பல வீடுகளில் அதுவும் போர் தண்ணியும் டேங்கர் தண்ணியும் ஒரே சம்ப்பில்தான் கலக்கின்றன.

சரி, கரைந்திருந்தது ஏன் கல்லாகிறது? சர்க்கரையும் உப்பும் சூடான தண்ணீரில் இன்னும் நன்றாகக் கரையும். இது அதற்கு நேர்மாறு. சூடு பட்டதும் பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், மீதமாகும் கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரைய மாட்டாது. கெய்சருக்குள் மிகவும் சூடான இடம் காயிலின் மேல்தோல் என்பதால் கல் முதலில் அங்கேதான் பிடிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடினத்தன்மை 400 உள்ள தண்ணீர் தினமும் 60 லிட்டர் கெய்சர் வழியே போனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கிலோ சுண்ணாம்பு அதனுள்ளே வந்துபோகிறது. அதில் இருபதில் ஒரு பங்கு தங்கினாலே அரைக் கிலோவுக்குப் பக்கம்.

கல் பிடித்தால் கரண்ட் பில் ஏறும் என்று பலரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். யோசித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மையில்லை. காயில் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. அதில் பிறக்கும் சூடு கல்லைத் தாண்டியாவது தண்ணீருக்குள் வந்துதான் ஆகவேண்டும், போக வேறு இடமில்லை. 15 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.7 யூனிட் வேண்டும், 2,000 வாட் காயிலுக்கு அது 21 நிமிட வேலை. கல் இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. பில்லை ஏற்றுவது குளித்து முடித்த பிறகும் அணைக்காமல் விட்ட சுவிட்ச்தான்.

கல் சாப்பிடுவது காயிலை. செம்பு சூட்டைக் கடத்தும் வேகத்தில் சுண்ணாம்புக் கல் சில நூறில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அதே 2,000 வாட்டை இந்தத் தடையைத் தாண்டித் தள்ள வேண்டுமென்றால் உள்ளே சூடு அதற்கேற்ப ஏறியாக வேண்டும். சாதாரண அளவுள்ள காயிலுக்கு, 1 மில்லிமீட்டர் கல் பிடித்தால் குழாயின் சூடு 40 முதல் 80 டிகிரி வரை கூடுதலாக ஏறும். 3 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கல்லின் இடுக்கில் சிக்கிய தண்ணீர் அந்தச் சூட்டில் ஆவியாகி வெடிக்கிறது. நாங்கள் கேட்ட சரளைச் சத்தம் அதுதான். செம்புக் குழாய்க்குள் வெள்ளை மாவாக மெக்னீசியம் ஆக்சைடு, அதன் நடுவே மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பி. குழாயில் விரிசல் விட்டால் மாவு நனையும், மின்சாரம் கசியும், உடனே ஆர்சிசிபி, அதாவது கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், விழும். அன்று காலை கரண்ட் போனது எங்களைக் காப்பாற்றத்தான். அப்படி விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்கவே கூடாது.

காயிலின் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும், அது மெக்னீசியம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மெக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் அரியும், அதனால் தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைந்துபோகிறது. 1824-ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கக் கையாண்ட அதே வழி. எங்கள் கெய்சரில் அது தீக்குச்சி கனத்துக்கு மெலிந்திருந்தது. அதை மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்தது தொட்டியே ஓட்டையாகியிருக்கும். தொட்டி போனால் புது கெய்சர்தான் வாங்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, கல் கனமாகும் முன்பே, எலெக்ட்ரீஷியனை வைத்து காயிலை வெளியே எடுத்துவிடுங்கள். அப்போது அது தடையில்லாமல் வரும். தட்டி உடைத்தால் குழாய் நசுங்கும், அதனால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, மின்கம்பி இணையும் பகுதி நனையாதபடி காயிலை அதில் ஊறவையுங்கள். பொங்கி வரும் குமிழ் எல்லாம் கல்லுக்குள் அடைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு. ஷவர் தலை, குழாய் முனையின் வலை எல்லாவற்றுக்கும் இதே கரைசல் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம், அது உலோகத்தையும் தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் எவ்வளவு சுட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியில் வைத்திருந்தால் 60-க்குக் குறையுங்கள். சூடு கூடக் கூடக் கல்லும் வேகமாகப் பிடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கெய்சர் சுடும்போது சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விரிவடைகிறது, அந்த விரிவு அங்கே வெளியேறுகிறது. சொட்டுகிறதே என்று சில வீடுகளில் அதற்கு மூடி போட்டு அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அழுத்தம் வெளியேற வழியில்லாத தொட்டி வெடிக்கக்கூடும். கல்லே அந்த வால்வை அடைப்பதும் உண்டு. காயிலைக் கழற்றும் நாளில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள், மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் போகும்முன் என் பையனிடம் மார்க்கர் வாங்கி, கெய்சரின் பக்கவாட்டில் அன்றைய தேதியை எழுதிவிட்டுப் போனார். இந்த மார்கழியில் அதற்குக் கீழே இரண்டாவது தேதி விழுந்திருக்கிறது. காயில் ஒரே இழுப்பில் வந்தது.