குளிரில் தனியாகப் படகோட்டுகிறவரா? முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

அவசரச் சிகிச்சை மருத்துவராக நான் பார்க்கிறவர்களில் ஒரு வகையினர், குளிர்காலத்தில் தனியாகப் பாய்மரப் படகில் பயணம் போகிறவர்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி மயாமி வரை கிட்டத்தட்ட 1,090 மைல் ஓடுகிற இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே இவர்களுக்குப் பிடித்த வழி. ஆறு, விரிகுடா, வெட்டிய கால்வாய் எல்லாம் சேர்ந்த பாதை அது. நடுக்கடலின் அலை இல்லை, எந்நேரமும் கரை கண்ணில் தெரியும், அதனால் ஆபத்தும் குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். குளிர் விஷயத்தில் இது சரியான கணிப்பு இல்லை.

ஏனென்றால், திறந்த கடலில், படகைத் தானே திசை மாறாமல் ஓட்டும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கேபினுக்குள் போய்ச் சூடாக எதையாவது குடித்துவிட்டு வரலாம். இங்கே கால்வாய் குறுகல், அடையாளக் கம்பத்தைத் தாண்டிச் சற்றே விலகினாலும் தரை தட்டும், எதிரே சரக்குப் படகு வரும், பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும். சுக்கானை விட்டு நகர முடியாது. காலையிலிருந்து இருட்டும்வரை காற்றில் நின்றுகொண்டு, சரியாகச் சாப்பிடாமல், சிறுநீர் கழிக்க எழுந்து போவது தொல்லை என்று தண்ணீரும் குடிக்காமல் ஓட்டுகிறார்கள். குளிரில் சிறுநீர் அதிகமாகப் பிரியும், ஆகவே உடலில் நீர் இன்னும் குறையும். இப்படிச் சோர்ந்து, விரல் விறைத்துப்போன அந்திப் பொழுதில்தான் அன்றைய கடினமான வேலையே வருகிறது: நங்கூரம் போடுவது, அல்லது கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரமான மரத் துறையில் கால் வைப்பது. அங்கேதான் விழுகிறார்கள்.

குளிர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது, உடல் மெல்ல மெல்லச் சில்லிட்டு உயிர் போவதுதான். அது கடைசிக் கட்டம். குளிர் முதலில் எடுத்துக்கொள்வது கையை, அப்புறம் யோசனையை. உடன் ஆள் இருந்தால் அவர் கை உதவும், "ஏன் ஒரு மாதிரி பேசுகிறாய்?" என்று அவர் கேட்பார். தனியாகப் போகிறவருக்கு இரண்டும் கிடையாது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், நோயாளிகளிடம் நானே செய்து பார்ப்பது. கட்டை விரலால் அதே கையின் சுண்டு விரல் நுனியைத் தொடுங்கள். பாதி வழியில் நின்றுவிட்டாலோ, நடுங்கித் தவறினாலோ, அந்தக் கையால் முடிச்சு அவிழ்க்க முடியாது, ரேடியோவின் சின்னப் பொத்தானை அழுத்த முடியாது, கிளிப்பைத் திறக்க முடியாது. தோலின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே விரலின் நுணுக்கம் போய்விடுகிறது. ஓட்டும்போது அடிக்கடி இதைச் செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் இருட்டுவதற்குக் காத்திருக்காமல் அடுத்து வரும் ஒதுக்கிடத்திலேயே நங்கூரம் போடுங்கள்.

தண்ணீரில் விழுந்தால் என்ன நடக்கும்? குளிரில் உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்த கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தரும் 1-10-1 கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளலாம். முதல் 1 நிமிடம், மூச்சு நம் பேச்சைக் கேட்காது. விழுந்த கணமே வாய் திறந்து காற்றை இழுப்போம், அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். நல்ல நீச்சல்காரருக்கும் இதே கதைதான். அடுத்த 10 நிமிடம், கை கால் நம் வசம் இருக்கும். அதன் பிறகு, மயங்குவதற்குச் சுமார் 1 மணி நேரம் ஆகலாம். ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்பதே அரிது.

இதைத் தனியாளின் நிலையில் வைத்துப் பாருங்கள். ஆட்டோபைலட்டில் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் படகு, நீங்கள் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவந்து நிதானத்துக்கு வரும் அந்த ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஹார்னஸும் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), அதைப் படகோடு பிணைக்கும் கயிறும் கட்டாயம் என்று நான் மன்றாடுவது இதனால்தான். கயிறு நீளமாக இருந்தால் படகின் பக்கவாட்டில் நீரோடு இழுபட்டுப் போவீர்கள், ஆகவே டெக்கை விட்டு விழவே விடாத அளவுக்குக் குட்டையாக வையுங்கள். படகிலிருந்து பேச உதவும் கையடக்க வி.எச்.எஃப் ரேடியோ கேபின் கொக்கியில் தொங்கினால் பயனில்லை, அது உங்கள் மார்பில் இருக்க வேண்டும். ஏணி விஷயம் பலரும் யோசிக்காதது: மடித்துக் கட்டிய ஏணியை நீரிலிருந்து அவிழ்க்க முடியுமா? தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கீழிருந்து ஒரே இழுப்பில் அது விழுகிறதா என்று துறையில் கட்டியிருக்கும்போதே பாருங்கள். இரண்டு படியாவது நீருக்குள் இறங்கவேண்டும், இல்லையென்றால் நனைந்த உடையின் கனத்தோடு காலைத் தூக்கி வைக்கவே முடியாது.

எப்படியோ ஏறிவிட்டீர்கள், சரி. முதல் வேலையாக ரேடியோவில், அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அரைமணி கழித்து நாக்கு குழறும், அப்போது "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் தோன்றும். பிறகு ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த கம்பளிக்குள் போய், இனிப்பாக எதையாவது சாப்பிடுங்கள். மது வேண்டவே வேண்டாம்.

கேபினுக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு, எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் மூடிவிட்டு, புகைக்குழாய் இல்லாத ஹீட்டரையோ சமையல் அடுப்பையோ எரியவிட்டுத் தூங்குகிறார்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரியே ஆரம்பிக்கும். ஒரு வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் எங்களுக்கு உடனே சந்தேகம் வரும். தனியாக இருப்பவருக்கு அந்தத் துப்பும் கிடைப்பதில்லை. எரிகிற எதையும் அணைத்த பிறகே தூங்குங்கள். படுக்கைத் தலைமாட்டின் உயரத்தில் இந்த வாயுவுக்கான அலாரம் வையுங்கள். அடுப்பு எரிவாயுவான புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கும், அதற்கான அலாரம் வேறு, அது கீழே இருக்கவேண்டும்.

கேபினில் தலைவலியோடு விழித்தால், வெளிக்காற்றுக்கு வந்து, ரேடியோவில் உதவி கேளுங்கள். மருத்துவமனையில் விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் மீட்டர் 98 என்று காட்டக்கூடும், அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. "படகில் மூடிய கேபினில் ஹீட்டர் எரிந்தது" என்று நீங்களே சொல்லி, அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.