சாவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று காருக்குத் தெரியாது

சூரிச் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து கார் மாடல்களை எடுத்துச் சோதித்தார்கள். எல்லாமே சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டால் திறந்துகொள்பவை. பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறவை. பத்து கார்களையும் அவர்கள் சாவி பக்கத்தில் இல்லாமலேயே திறந்தார்கள், ஸ்டார்ட்டும் செய்தார்கள். முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. சாவிக்குள் இருக்கும் ரகசிய எண்ணை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. ரகசியம் ரகசியமாகவே இருந்தது. கார் மட்டும் போய்விட்டது.

எப்படி என்று புரிய, அந்தச் சாவி பேசும் முறையைப் பார்க்க வேண்டும். காரின் கதவுகளிலும் உட்புறத்திலும் சிறு ஆன்டெனாக்கள் பதிக்கப்பட்டிருக்கும். கைப்பிடியைத் தொட்டதும் அவை 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், சாவியை அழைக்கும். அழைப்போடு ஒவ்வொரு முறையும் மாறுகிற ஓர் எண்ணும் போகும். சாவி விழித்துக்கொண்டு, தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு அந்த எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டு, விடையை 433 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். அமெரிக்காவில் ஓடும் கார்களில் பெரும்பாலும் 315. அதே கணக்கைக் காரும் போட்டுப் பார்க்கும். இரண்டு விடையும் ஒன்றானால் கதவு திறக்கும்.

காரின் அழைப்பு ஓரிரு மீட்டருக்கு மேல் போகாது. அந்த அதிர்வெண்ணில் பக்கத்தில் உருவாகும் காந்தப்புலம், தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். ஆகவே அழைப்பு சாவிக்குக் கேட்டிருந்தால் சாவி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் முடிவு செய்தார்கள். கார் தூரத்தை அளக்கவில்லை, ஊகிக்கிறது. திருடர்கள் கை வைத்தது இந்த ஊகத்தில்தான்.

ஒருவன் காரின் கதவோரம் நிற்கிறான். அவன் கையிலுள்ள ஆன்டெனா காரின் அழைப்பைப் பிடித்து, வீட்டு வாசலில் நிற்கும் கூட்டாளியின் கருவிக்கு அனுப்புகிறது. கூட்டாளியின் ஆன்டெனா அதே அழைப்பைப் பெருக்கி வீட்டுக்குள் வீசுகிறது. சூரிச் சோதனையில் 8 மீட்டர் தள்ளியிருந்த சாவியைக்கூட இப்படி எழுப்ப முடிந்தது. சாவியின் பதில் இயல்பாகவே பல பத்து மீட்டர் போகக்கூடியது என்பதால், அதைப் பெரும்பாலும் கடத்தித் தர வேண்டிய வேலைகூட இல்லை. அழைத்தது உண்மையான கார், பதில் சொன்னது உண்மையான சாவி, கணக்கும் சரி. நடுவில் பொய்யாக இருந்தது தூரம் மட்டும்தான். எவ்வளவு வலுவான சங்கேதமாக இருந்தாலும் இங்கே உதவாது. அது ‘யார்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். ‘எங்கே’ என்ற கேள்விக்குச் சொல்லாது.

கிளம்பிய பிறகு சாவி எட்டாத தூரத்துக்குப் போனால் எஞ்சின் நின்றுவிடாதா என்று கேட்கத் தோன்றும். நிற்காது, நிற்கவும் கூடாது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாவியின் பேட்டரி தீர்ந்து எஞ்சின் அணைந்தால் உயிர்போகும். அதனால் டாஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை எரியும், அவ்வளவுதான். பெட்ரோல் இருக்கும் வரை திருடன் ஓட்டிக்கொண்டே போகலாம்.

இதற்கு மிக மலிவான மருந்து, உலோக இழை நெய்த பை. ஃபாரடே பை என்று விற்கிறார்கள். சாவியை அதில் போட்டு மூடினால் அழைப்பு உள்ளே போகாது. ஆனால் மட்டமான பைகளும் சந்தையில் கிடக்கின்றன, நல்ல பையும் மடித்து மடித்து இழை விட்டுப்போகும். சாவியைப் பையில் போட்டு, கார் கதவை ஒட்டி நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்தப் பை வீண். மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. அலமாரியில் கிடக்கும் இரண்டாவது சாவியை மறந்துவிட வேண்டாம். திருடனுக்கு எது கிடைத்தாலும் போதும்.

ஃபோர்டு நிறுவனம் 2019-இல் ஃபியஸ்டா, ஃபோகஸ் சாவிகளில் இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. சாவிக்குள் ஓர் அசைவு உணரி. 40 விநாடிகளுக்கு மேல் சாவி அசையாமல் இருந்தால் அது உறங்கிவிடும், யார் அழைத்தாலும் எழாது. நடந்து வரும்போது தானாக விழித்துக்கொள்ளும். பயன்படுத்துகிறவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். இப்போது வேறு பல நிறுவனங்களும் இதைச் செய்கின்றன.

நோயின் வேருக்கே போகும் வைத்தியம் ஒன்று உண்டு: தூரத்தை உண்மையாகவே அளப்பது. வானொலி அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். சாவியின் பதில் வந்த நேரத்தைப் போதிய துல்லியத்தோடு அளந்தால் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நடுவில் யார் கடத்தினாலும் தாமதம் கூடுமே தவிர, ஒளியைவிட வேகமாக யாராலும் எதையும் அனுப்ப முடியாது. பழைய சாவிகள் அனுப்பும் குறுகிய அலைவரிசையில் இந்த அளவு துல்லியம் கிடைக்காது. காரும் பதிலுக்காகத் தாராளமாகக் காத்திருந்தது. சூரிச்சில் சோதித்த சில கார்கள் மில்லி நொடிக் கணக்கில். ஒரு மில்லி நொடியில் அலை 300 கிலோமீட்டர் போய்விடும் என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய ஓட்டை என்று விளங்கும்.

அல்ட்ரா வைட்பேண்ட் எனும் தொழில்நுட்பம் சுமார் 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்புகிறது. அதனால் சில பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் தூரம் தெரிகிறது. ஜாகுவார் லேண்ட் ரோவர், பிஎம்டபிள்யூ போன்றவை இதற்கு மாறிவிட்டன. இதிலும் முழு நிம்மதி கிடையாது. 2022-இல் ஆய்வாளர்கள் இத்தகைய சிப்புகளுக்கு இடையே இருந்த 12 மீட்டர் தூரத்தை 0 என்று காட்ட வைத்தார்கள். அதிகபட்சம் நூறில் நான்கு முறைதான் அது பலித்தது. பழைய முறையோடு ஒப்பிட்டால் அது மிகப்பெரிய முன்னேற்றம் என்றே சொல்வேன்.

சாவிக்குள் சிப் வைப்பது என்ற யோசனையே 1990-களில் வந்தது. இம்மொபிலைசர் என்பார்கள். சாவித் தலையில் பேட்டரி இல்லாத ஒரு சிறு சிப். சாவி போடும் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்சாரமும் கேள்வியும் ஒருசேரத் தரும். பதில் தவறென்றால் எஞ்சினுக்கு எரிபொருள் போகாது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் இது கட்டாயம். அமெரிக்காவோ கட்டாயமாக்கவில்லை.

அதன் விலை பின்னால் தெரிந்தது. ஹூண்டாயும் கியாவும் 2021 வரை அமெரிக்காவில் விற்ற, சாவி திருகி ஸ்டார்ட் செய்யும் பல மாடல்களில் இம்மொபிலைசர் இல்லை. ஒரு யூஎஸ்பி கேபிளின் முனையே சாவியாக வேலை செய்வதைக் காட்டும் காணொளிகள் 2022-இல் டிக்டாக்கில் பரவின. பதின்ம வயதுப் பிள்ளைகள் கார்களை எடுத்து ஓட்டினார்கள், விபத்துகளில் உயிர்கள் போயின. 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதே நிறுவனங்கள், அதே காலம், எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் இந்தத் தொல்லை இல்லை. சட்டத்தில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வேறுபாடு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிப் இருந்தாலும் அதிலுள்ள கணக்கு பலவீனமாக இருக்கலாம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனச் சிப்பின் மிகக் குறுகிய 40 பிட் சங்கேதத்தை 2005-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அதே 40 பிட் கணக்கை டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் மறுபடி கண்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! ஃபோக்ஸ்வாகன் உள்ளிட்ட கார்களின் சாவிச் சிப்புகளில் இருந்த மெகாமோஸ் என்ற சங்கேதத்தின் குறைகளைக் கண்டுபிடித்த மூவரின் கட்டுரைக்கு 2013-இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு 2015-இல் கட்டுரை வெளியானது. அந்த இரண்டு ஆண்டும் கார் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் சாவி எவ்வளவு பலவீனம் என்று தெரியாமலே போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து வருவது, சாவி பக்கமே போகாத ஒரு முறை. 2022-இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 காரில் பம்பர் ஓரமும் ஹெட்லைட் இணைப்பும் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. யாரோ வேண்டுமென்றே சேதம் செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். மறுபடியும் அதே இடத்தில் சேதம். சில நாட்களில் காரே காணாமல் போனது. கார் தானாக நிறுவனத்துக்கு அனுப்பியிருந்த பிழைப் பதிவுகளை அவர் எடுத்துப் பார்த்தபோது, திருட்டு நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல உறுப்புகள் தொடர்பிழந்தது தெரிந்தது. கென் டிண்டெல் என்ற பொறியாளரோடு சேர்ந்து துப்புத் துலக்கினார். 2023 ஏப்ரலில் முழு விவரமும் வெளியானது.

இன்றைய காரில் ஹெட்லைட்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. எஞ்சின், கதவு, பிரேக், சாவியின் பதிலைப் பெறும் ‘சாவி வாங்கி’ எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணினிகள். இவை கேன் பஸ் எனப்படும் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. அனுப்புகிறவரின் பெயரோ எண்ணோ காட்டாத வாட்ஸ்அப் குழு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள்: செய்தி எல்லோருக்கும் போகும், யார் போட்டது என்று எவருக்கும் தெரியாது, எல்லோரும் நம்புவார்கள். கார் மூடிய பெட்டி, உள்ளே வருகிறவர் வீட்டு ஆள்தான் என்று எண்ணி வடிவமைத்த காலம் அது.

திருடன் ஹெட்லைட் கம்பியில் தன் கருவியை மாட்டுகிறான். ‘சாவி சரிபார்க்கப்பட்டது’ என்று சாவி வாங்கி சொல்வதுபோல் ஒரு செய்தி, அடுத்து ‘கதவைத் திற’. உண்மையான கணினிகள் மறுத்துக் குரல் கொடுக்க முடியாதபடி கம்பிகளின் மின்னழுத்தத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. டேபரும் டிண்டெலும் ஆராய்ந்த கருவி ஒரு ஜேபிஎல் புளூடூத் ஸ்பீக்கருக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விற்கும் அதன் உள்ளிருந்த பாகங்களின் மதிப்பு பத்து டாலர் அளவுதான். உங்கள் சாவி ஃபாரடே பையில் இருந்தாலும், கிணற்றில் கிடந்தாலும் இந்தத் திருடனுக்கு ஒன்றுதான். உறுப்புகளுக்கு இடையே போகும் செய்திகளுக்கும் கையொப்பம் வேண்டும் என்பதே இதற்கான முழுத் தீர்வு. அதைத் தயாரிப்பாளர்கள்தான் செய்ய முடியும்; புதிய மாடல்களில் செய்தும் வருகிறார்கள். ஹெட்லைட் ஓரமோ சக்கர வளைவோ காரணமில்லாமல் பெயர்ந்திருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அன்றிரவே காரை வேறிடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட் மூன்றாவது வழி. மெக்கானிக்குகள் கோளாறு பார்ப்பதும், தொலைந்த சாவிக்குப் புதிய சாவி பதிவதும் அதன் வழியாகத்தான். உள்ளே நுழைந்த திருடனும் வெற்றுச் சாவி ஒன்றைச் சில நிமிடங்களில் பதிந்துகொள்வான். உலோக மூடி போட்டுப் பூட்டலாம், விலை அதிகமில்லை.

இத்தனைக்கும் பொதுவான ஒரு தற்காப்பு உண்டென்றால், அது காரின் சொந்தச் சாவி ஏற்பாட்டைச் சாராத இரண்டாவது தடை. ஓட்டும் முன் நான்கு இலக்க எண் கேட்கும் வசதி உங்கள் காரில் இருந்தால் இன்றே இயக்குங்கள். டெஸ்லா 2018-இல் அதைக் கொண்டுவந்தது. அப்படி இல்லாத காரில் தனியாக ஒரு இம்மொபிலைசர் பொருத்தலாம்: ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால்தான் எஞ்சின் எழும். ஃப்யூவல் பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த மறைவாக ஒரு சுவிட்ச் வைப்பது பழைய முறை, இன்றும் பலிக்கும். பளிச்சென்ற நிறத்தில் இரும்பு ஸ்டீயரிங் பூட்டு மாட்டியிருந்தால் அறுக்க நேரமும் சத்தமும் ஆகும். இத்திருட்டுகள் இரண்டு மூன்று நிமிடக் கணக்கில் திட்டமிடப்படுவதால், அந்தப் பூட்டைப் பழங்காலப் பொருள் என்று ஒதுக்குவது தவறு.

ஜிபிஎஸ் கருவியைப் பொறுத்தவரை என் எதிர்பார்ப்பு குறைவு. அதன் அலையை அடக்கும் ஜாமர் திருடர்களிடம் இருக்கிறது, இரும்புக் கண்டெய்னருக்குள் போய்விட்டால் சிக்னலும் எட்டாது. கனடாவில் டொராண்டோ, மார்க்கம், ஸ்கார்பரோ பக்கம் குடும்பம் உள்ளவர்கள் இந்தக் கதைகளைக் கேட்டே இருப்பார்கள்: வாசலில் நின்ற கார் ரயிலேறி மாண்ட்ரியல் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும். 2023 டிசம்பர் நடுவிலிருந்து 2024 மார்ச் முடிவுக்குள் நடந்த சோதனையில் மட்டும் அத்துறைமுகத்தில் 598 திருட்டு வாகனங்கள் மீட்கப்பட்டன. கருவி வைப்பதென்றால் ஒன்றை எளிதில் தெரியும்படியும், இன்னொன்றைக் காரின் மின்சாரத்தைச் சாராமல் ஆழமாகவும் வையுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கையில் இரண்டு சாவி தந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள், ஆனால் காரின் நினைவில் மூன்றாவதோ நான்காவதோ பதிந்திருக்கலாம். பெயர் மாற்றிய அந்த வாரமே நம்பகமான சர்வீஸ் சென்டருக்குப் போய், எத்தனை சாவி பதிவில் இருக்கிறது என்று ஓபிடி வழியே பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உங்கள் கையிலிருக்கும் சாவிகளை மட்டும் புதிதாகப் பதியச் சொல்லுங்கள்.