இலவசச் சீருடைத் துணி: பாடசாலையில் கிடைப்பது எது, கடையில் வாங்க வேண்டியது எது

ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளை தரம் 1க்குப் போகலாம். அதற்கு முந்திய வாரங்களில் கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நடக்க இடம் கிடைப்பது அரிது. அந்த நெரிசலில் மூன்று நான்கு செட் சீருடையை ஒரேயடியாக வாங்கிக்கொண்டு வரும் பெற்றோரில் பலர், அரசாங்கம் தரும் துணியைப் பற்றி விசாரித்திருக்க மாட்டார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கிடைக்காது என்றோ, வசதி குறைந்த குடும்பங்களுக்கு மட்டும்தான் என்றோ யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டுமே சரியில்லை.

அரச பாடசாலைகள், அரச உதவி பெறும் பாடசாலைகள், பிரிவெனாக்கள் எனப்படும் பௌத்த பிக்குகளின் கல்விக்கூடங்கள் ஆகியவற்றில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சீருடைத் துணி இலவசம். பெற்றோரின் வருமானம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கத் தேவையில்லை, விண்ணப்பமும் இல்லை. பாடசாலை அனுப்பும் மாணவர் எண்ணிக்கைதான் அடிப்படை. சர்வதேசப் பாடசாலைகள் இதில் சேரா.

பாடநூல்கள் 1980 முதல் இலவசமாக வருகின்றன. சீருடை 1993இல், ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுக்கான சீருடையிலிருந்து சில காலம் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். பிடித்த கடையில் பிடித்த துணியை வாங்கலாம் என்பதால் அதை விரும்பியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை ஏறினால் வவுச்சரின் பெறுமதி தேய்ந்துவிடும், துணியின் மீற்றர் கணக்குத் தேயாது. 2022இல் ரூபாவுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னர் துணியே திரும்பி வந்தது. அதில் பெரும்பங்கு சீன அரசாங்கத்தின் நன்கொடை: 2023இல் தேவையின் 70 சதவீதம், 2024இல் 80 சதவீதம், 2025இல் முழுவதும்.

2025ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்பது விளங்கும். 46,40,086 மாணவர்களுக்கு 1 கோடி 18 இலட்சத்து 17 ஆயிரம் மீற்றர் துணி. பெறுமதி 517 கோடி 10 இலட்சம் ரூபா. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி இரண்டரை மீற்றர், பெறுமதி ஏறத்தாழ 1,100 ரூபா. இது சராசரி மட்டுமே. ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா, எந்தத் தரம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். தரம் 1 பிள்ளைக்கு இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஒரு செட்டுக்கு உரிய துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுவனுக்கு வெள்ளைச் சட்டைக்கும் நீலக் காற்சட்டைக்கும், சிறுமிக்கு வெள்ளைக் கவுனுக்கும். தையற்கூலி, கழுத்துப்பட்டி, பாடசாலைச் சின்னம், காலுறை எல்லாம் பெற்றோர் பொறுப்பு.

துணி பாடசாலைக்கு வந்து வகுப்பாசிரியர் கையால் கிடைக்கும்போது தவணை தொடங்கும் நேரமாகிவிடும். அந்த வாரம் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தையற்காரரைப் பிடிப்பது, பெருநாளுக்கு முதல் நாள் பஸ்ஸில் இருக்கை பிடிப்பதைப் போன்றது. அதனால் என் யோசனை இது: முதல் நாளுக்கு ஒன்றோ இரண்டோ ஆயத்த உடைகளை வாங்கிக்கொண்டு, இலவசத் துணியைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் தைக்கக் கொடுங்கள். கூட்டம் குறைந்திருக்கும், தையற்காரரும் நிதானமாக அளவெடுப்பார். பிள்ளை வகுப்பில் எப்படி உட்காருகிறது, எந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். பருத்தி கலந்த துணி சுருங்குவதானால் வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். இந்த வயதில் பிள்ளை ஆண்டுக்கு ஆறு சென்ரிமீற்றர் அளவில் உயரும். கவுனின் கீழ் மடிப்பில் மூன்று நான்கு அங்குலம் விடச் சொல்லுங்கள். பக்கத் தையல்களிலும் அரை அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். வெள்ளைத் துணியில் மடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய கோடு அவ்வளவாகத் தெரியாது. நீலக் காற்சட்டையில் அப்படியில்லை: வெளிப்பகுதி வெயிலில் வெளிறியிருக்க, மடிப்புக்குள் இருந்த பகுதி கருநீலமாகவே நின்று காட்டிக்கொடுத்துவிடும். எனவே காற்சட்டையை எப்போதும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயவையுங்கள். இடுப்பின் பின்பக்கம் இலாஸ்டிக் வைத்தால் ஆண்டு முழுவதும் தாங்கும், கழிப்பறையில் பிள்ளை தானாகக் கழற்றவும் முடியும். பின்புறத் தையல் இரட்டையாக இருக்க வேண்டும். காற்சட்டை முதலில் கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

கடையில் வாங்கும் ஆயத்த உடையிலும் இவற்றையே பாருங்கள். உட்பக்கத்தைத் திருப்பித் தையல் விளிம்பைக் கவனியுங்கள். ஓவர்லொக் போடாத விளிம்பு சில சலவைகளிலேயே நூல் நூலாகப் பிரியும். கொழும்பின் புழுக்கத்துக்கு முழுப் பொலியெஸ்டர் ஆகாது, வியர்வையை உறிஞ்சாது. முழுப் பருத்தி உடலுக்கு இதமானது, ஆனால் கசங்கும், மழைக்காலத்தில் மாடிவீட்டுப் பல்கனியில் காய நாளாகும். இரண்டும் கலந்த துணிதான் சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பானது. துணியாக வாங்குவதானால் மீற்றர் விலையை மட்டும் கேட்டுவிட்டு நகராதீர்கள், அகலத்தையும் கேளுங்கள். 36 அங்குல அகலத் துணியும் 58 அங்குல அகலத் துணியும் ஒரே தட்டில் இருக்கும். விலை கூடியதுபோல் தெரியும் அகலத் துணியில் இரண்டு சட்டை வெட்டிவிடலாம். விலை கெஜத்துக்கா மீற்றருக்கா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. மறுத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

சப்பாத்து விடயம் வேறு. அதை வாங்கக் கொடுக்கப்பட்ட 3,000 ரூபா வவுச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்கவில்லை. 2025இல் அது மாணவர் தொகை 250க்குக் குறைந்த பாடசாலைகளுக்கும் பிரிவெனாக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. பெயர்பெற்ற பெரிய பாடசாலைகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நகருக்குள்ளேயே சிறிய தமிழ்ப் பாடசாலைகள் உள்ளன. அங்கே பிள்ளையைச் சேர்த்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அதே ஆண்டு அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காகிதாதிகள் வாங்க 6,000 ரூபா கொடுக்கப்பட்டது. அஸ்வெசும பெறாவிட்டாலும், 300 பேருக்கு மேற்படாத பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். இந்த இரண்டுக்குமான நிபந்தனைகள் அந்தந்த ஆண்டின் அமைச்சரவை முடிவையும் சுற்றறிக்கையையும் பொறுத்தவை. போன ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஆண்டு நடுவில் பாடசாலை மாறிய பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் துணி தவறிப்போகிறது. பழைய பாடசாலையில் பெற்றுக்கொண்டதா இல்லையா என்பதை விடுகைப் பத்திரம் வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது. துணி வரவில்லை என்றால் முதலில் வகுப்பாசிரியர், அடுத்து அதிபர். அங்கேயும் பதில் இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகம். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என நான்கு வலயங்கள் உண்டு. நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்க்காமல், பாடசாலை எந்த வலயத்தில் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்கே எழுத்தில் கொடுங்கள்.